மகளின் பேறுகாலத்துக்கு வாங்கிய பிபி மெஷின்: நிறை, குறை, பார்த்து வாங்க வேண்டியவை

மேல்கையில் பட்டையைச் சுற்றி, பட்டனை அமுக்கினால் தானாகக் காற்று ஏறி எண் காட்டும் சாதாரண டிஜிட்டல் பிபி மெஷின். நாலு பென்சில் செல்லில் ஓடும். மருந்துக்கடையில் இரண்டாயிரத்துச் சொச்சம். மகளின் தலைப்பிரசவத்துக்காக வாங்கினோம். ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த நான்கில் மூன்று, பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு அது செய்த வேலைக்காக.

கம்பெனியின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் இந்த ஒரு மாடலுக்கு மட்டும் உரியவை அல்ல, கடையில் அடுக்கி வைத்திருக்கும் பெரும்பாலான மெஷின்களுக்கும் பொருந்தும். கோவில்பட்டிப் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் இந்தப் பொருளை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதை எந்த டப்பாவிலும் நான் பார்க்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எதற்காக இந்த மெஷின் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்ப்பம் 20 வாரம் தாண்டிய பிறகு, அதுவரை ஒழுங்காக இருந்த பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறுகிறது. கூடவே சிறுநீரில் புரதம் போகிறது, அல்லது ஈரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள் என்று எதிலாவது கோளாறு தெரிகிறது. இதுதான் ப்ரீஎக்ளாம்ப்சியா. நம் ஆஸ்பத்திரிகளில் "பிரஷர் ஏறிருக்கு, உப்பு போகுது" என்பார்கள். முற்றினால் வலிப்பு வரும். ஊரில் அதைப் பிரசவ ஜன்னி என்பார்கள். நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் எட்டுப் பேருக்கு இந்த நோய் வருகிறது. ஆரம்ப மாதங்களில் நச்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரைப் பற்றிக்கொள்ளும்போது அங்கே இருக்கும் சுருள் தமனிகள் நன்றாக அகன்று கொடுக்க வேண்டும். அவை சரியாக அகலாவிட்டால் நச்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. அப்போது அது தாயின் ரத்தத்தில் சில புரதங்களை அளவுக்கு மீறிக் கலக்க விடுகிறது. அவை உடம்பு முழுக்க உள்ள ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. தலை, கண், ஈரல், சிறுநீரகம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்களில் தொந்தரவு கிளம்புவதற்குக் காரணம் இதுதான். பல பெண்களுக்கு ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவுமே தெரியாது. அளந்து பார்த்தால் மட்டும்தான் தெரியும்.

நம் பக்கத்தில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டுப் பிள்ளையைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறோம். இந்த நோய் தலைகாட்டுகிற காலமும் அதுதான். அதுவரை பார்த்த டாக்டர் அப்போதுதான் மாறுகிறார். பழைய அளவுகள் வேறு ஊர் ஃபைலில் தங்கிவிடுகின்றன. என் மகளின் கோயம்புத்தூர் ஃபைலில் மூன்றாம் மாதம் 104/66 என்று எழுதியிருந்தது. வளைகாப்பு முடிந்து இங்கே பார்த்தபோது 128/82. அந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். நல்லவேளையாக எங்கள் டாக்டர் பழைய ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "நூத்தி நாலுல இருந்த பிள்ளை நூத்தி இருபத்தெட்டுக்கு வந்திருக்கா. வீட்ல ஒரு மெஷின் வாங்கி காலையும் சாயங்காலமும் பார்த்து எழுதிட்டு வாங்கம்மா" என்றார். வளைகாப்புக்குச் சீர்த்தட்டு அடுக்குகிறவர்கள் அந்தப் பழைய ஃபைலையும் மறக்காமல் பையில் வைத்து அனுப்புங்கள்.

மகளின் கால் வீக்கத்தைப் பற்றி சம்பந்தியம்மாவிடம் போனில் சொன்னபோது, "மதினி, ஏழு மாசத்துக்கு மேல கால் வீங்கத்தான் செய்யும். வீங்கினாத்தான் சுகப்பிரசவம் ஆகும்பாங்க. பார்லி போட்டுக் குடுங்க" என்றார்கள். பாதம் வீங்குவது பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு உண்டுதான், அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. முகமும் கைவிரலும் திடீரென்று உப்புவது, மோதிரம் கழறாமல் போவது, தூங்கி எழும்போது கண்ரப்பை கனத்திருப்பது, ஒரே வாரத்தில் எடை தாறுமாறாக ஏறுவது இவையெல்லாம் வேறு விஷயம். பார்லித் தண்ணீர் குடிக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் அது வீக்கத்தை வற்ற வைத்துவிடும் என்று நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. உப்பில்லாச் சோறு போடுவதும் அப்படித்தான். இந்த நோயைத் தடுப்பதற்காக உப்பைக் குறைக்கச் சொல்லியோ, படுத்தே கிடக்கச் சொல்லியோ உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. சாப்பாட்டில் கால்சியம் குறைவாக இருக்கும் பெண்கள் தினமும் 1.5 முதல் 2 கிராம் வரை கால்சியம் எடுக்கச் சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கொடுக்கும் கால்சியம் மாத்திரையை அலமாரியில் சேர்த்து வைக்கிற பெண்களை என் தெருவிலேயே பார்க்கிறேன், மனசு அடித்துக்கொள்கிறது.

இனி மெஷினுக்கு வருகிறேன்.

முதலில் பட்டை. கடைக்குப் போகும்போது தையல் அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போனாலும் சரி. பெரும்பாலான டப்பாக்களில் வரும் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் வரைக்கும்தான். அதைப் பொடி எழுத்தில் பின்பக்கம் அச்சடித்திருக்கிறார்கள், கடைக்காரரும் கேட்பதில்லை. என் மகளுக்குக் கை 34. சின்னப் பட்டையைப் பெரிய கையில் இறுக்கிக் கட்டினால் இல்லாத பிரஷரைக் கூட்டிக் காட்டும். ஒல்லிக் கையில் பெரிய பட்டை தொளதொளவென்று கிடந்தால் இருக்கிற பிரஷரைக் குறைத்துக் காட்டும். இந்த இரண்டாவதுதான் உயிருக்கு ஆபத்து. பெரிய பட்டை தனியாகச் சொல்லிவைத்து வாங்க வேண்டியிருந்தது, அதற்குத் தனிக்காசு. இந்த விலைக்குப் பொருள் விற்கிறவர்கள் டப்பாவின் முகப்பிலேயே கை அளவைப் பெரிதாகப் போட்டால் என்ன? ஒரு நட்சத்திரத்தை நான் குறைத்ததே இதற்காகத்தான். மணிக்கட்டில் கட்டுகிற சின்ன மெஷின் மலிவாக, அழகாக இருக்கும். கர்ப்பிணிக்கு வேண்டாம். கையை எந்த உயரத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் தாவும்.

அடுத்தது, பலருக்குத் தெரியாத விஷயம். தாத்தா பாட்டிக்குச் சரியாகக் காட்டுகிற மெஷின் ப்ரீஎக்ளாம்ப்சியா உள்ள பெண்ணுக்குச் சரியாகக் காட்டும் என்று நம்ப முடியாது. இந்த நோயில் ரத்தக் குழாய்களின் தன்மையே மாறிவிடுவதால் பல மெஷின்கள் உண்மையான அளவைவிடக் குறைத்துக் காட்டுகின்றன. அதனால் கர்ப்பிணிகளிடம் தனியாகச் சோதித்துத் தேறிய மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். ஸ்டிரைட் பிபி என்ற அமைப்பு அப்படித் தேறிய மாடல்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் கர்ப்பிணிகளுக்கென்று தனிப் பிரிவே உண்டு. மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள், ஒரே கம்பெனியில் ஒன்று தேறியிருக்கும், இன்னொன்று சோதிக்கப்பட்டே இருக்காது. வாங்கிய பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், நர்ஸம்மா அளக்கும்போதே நம் மெஷினிலும் அளந்து பார்க்க வேண்டும். எங்களுடையது அவர்களுடையதைவிட மேல் எண்ணில் ஐந்து குறைவாகக் காட்டியது. டாக்டர் அதை ஃபைலின் முன்பக்கத்திலேயே எழுதிக்கொண்டார்.

மெஷினின் ஓரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடு போட்டிருக்கிறார்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்தக் கோட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அது பொதுவாக எல்லாருக்கும் போட்ட கோடு. இதற்கென்றே யோசித்துச் செய்த மெஷினும் உலகத்தில் இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஆண்ட்ரூ ஷென்னன் குழுவினர் மைக்ரோலைஃப் நிறுவனத்தோடு சேர்ந்து கிரேடில் என்ற பெயரில் ஒன்றை உருவாக்கினார்கள். செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும். 140/90 தொட்டால் மஞ்சள் விளக்கு, 160/110 தொட்டால் சிவப்பு. பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போய்ப் பெண் துவண்டுவிட்டாலும் நாடித்துடிப்பைக் கணக்குப் போட்டு விளக்கு எரியும். பெரிய படிப்புப் படிக்காத சுகாதாரப் பணியாளரும் விளக்கைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கலாம். ஆப்பிரிக்காவிலும் ஹைத்தியிலும் இந்தியாவிலும் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள், நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் கோகாக்கும் அதில் ஒரு இடம். அது போன்ற விளக்கு வீட்டு மெஷினிலும் வர வேண்டும் என்பது என் ஆசை. அது வரும்வரை எண்களை நாம்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் அளக்கும்போது 135/85 தாண்டினாலே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். 140/90 என்றால் அன்றைக்கே போக வேண்டும். 160/110 என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்தேன். வீட்டுக்காரருக்கும் எனக்கும் பார்வை மங்கல் என்பதால் மட்டுமில்லை, நாங்கள் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து அளந்தாலும் அதற்கும் தெரிய வேண்டுமே.

அளக்கிற முறையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேஜைமேல், நெஞ்சு மட்டத்துக்கு. நைட்டியின் கைக்கு மேல் பட்டையைக் கட்டக் கூடாது. பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். மெஷின் ஓடும்போது பேசக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்களும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இதுதான் பெரிய பாடாக இருந்தது, பட்டையில் காற்று ஏற ஆரம்பித்ததும்தான் எல்லாருக்கும் கேள்வி வரும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை அளந்து, இரண்டையும் எழுத வேண்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கும் பெண்ணின் மேல்பக்கக் கையில் கட்டி அளந்துவிட்டு, "பாருங்க, நார்மல்தான்" என்று சமாதானமாகாதீர்கள். நெஞ்சுக்கு மேலே இருக்கும் கையில் எண் இறங்கித்தான் காட்டும்.

மெஷினுக்குள்ளேயே பழைய அளவுகள் பதிவாகி இருக்கும் என்றாலும் கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பதுதான் நல்லது. மாத்திரை போட்ட நேரம், தலைவலி, வீக்கம் எல்லாம் அதே வரியில் வந்துவிடும், டாக்டர் ஒரே பார்வையில் படிப்பார். எங்கள் நோட்டில் எண்கள் ஒரேயடியாகத் தாவவில்லை. 126, 130, 128, 134 என்று ஏறி ஏறி இறங்கின. ஒரு நாள் சாயங்காலம் 142/92. கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தேன், 144/94. "நெத்திப்பொட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்கும்மா" என்றாள். காலையில் போகலாமே என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. மெஷின் ஐந்து குறைத்துக் காட்டும் என்று ஃபைலில் எழுதியிருந்ததை எடுத்துக் காட்டினேன், உடனே ஆட்டோ வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சிறுநீரில் ஸ்டிரிப்பை முக்கிப் பார்த்ததும் பச்சையாக நிறம் மாறியது, உப்பு, அதாவது புரதம், இரண்டு பிளஸ். முன்பெல்லாம் சிறுநீரைச் சோதனைக்குழாயில் சூடாக்கி, இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டு, வெண்மையாகத் திரிகிறதா என்று பார்ப்பார்கள். புரதத்தைக் காட்ட நான் வகுப்பில் முட்டை வெள்ளையை வைத்துச் செய்துகாட்டிய சோதனையும் கிட்டத்தட்ட அதேதான். உடனே அட்மிஷன். ரத்தத்தில் தட்டணுவும் ஈரலும் பார்த்தார்கள். பிரஷருக்கு லாபெட்டலால் மாத்திரை. பிள்ளை முன்கூட்டியே பிறக்க நேர்ந்தால் நுரையீரல் தேறியிருக்க வேண்டும் என்று தொடையில் ஸ்டீராய்டு ஊசி. மாத்திரை பிரஷரைத்தான் பிடித்துவைக்கும், நோயை அல்ல. பிள்ளையும் நச்சுக்கொடியும் வெளியே வருவதுதான் இதற்கு வைத்தியம், அதுவரை நாளைக் கடத்துகிறோம் என்று டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். கடைசியில் ஒரு ராத்திரி 164/112-க்குப் போய்விட்டது. மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி போட்டார்கள். "உடம்பெல்லாம் தீயா எரியுதும்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முழங்காலில் தட்டிப் பார்ப்பதும் மூச்சை எண்ணுவதும் சிறுநீர்ப் பையை அளப்பதுமாக நர்ஸம்மா விடிய விடியப் பக்கத்திலேயே நின்றார். மக்னீசியம் சல்ஃபேட்டை நாங்கள் பள்ளி ஆய்வகத்தில் எப்சம் உப்பு என்று பாட்டிலில் வைத்திருப்போம். 33 நாடுகளில் சுமார் பத்தாயிரம் பெண்களிடம் நடத்தி 2002-இல் வெளியான மேக்பை ஆய்வு, அந்த மலிவான உப்பு வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைப்பதைக் காட்டியது. ஆபரேஷனில் பேத்தி பிறந்தாள், 2.2 கிலோ, நல்ல குரல்.

இந்த மெஷினின் முழு மதிப்பு இதற்கு அப்புறம்தான் தெரிந்தது.

பிள்ளை பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். மெல்ல மெல்லச் சரியாகும் என்பது உண்மை. ஆனால் பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிரஷர் மறுபடி உச்சிக்கு ஏறும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வருகிற நாட்களும் அவைதான். பிரசவத்துக்கு முன்னால் வாராவாரம் யாராவது அளந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எல்லார் கண்ணும் பிள்ளைமேல். பச்சை உடம்புக்காரிக்குப் பூண்டுக்குழம்பும் கருவாடும் தேடுகிறோம், அவள் கையில் பட்டை கட்ட யாருக்கும் தோன்றுவதில்லை. கர்ப்பத்தில் பிரஷரே இல்லாத பெண்ணுக்குக்கூட பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை இது புதிதாக வரலாம்.

வீட்டுக்கு வந்த இரண்டொரு நாளில் மகள் தலைவலி என்றாள். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "தூக்கமில்லைல்லா, அதான்." "முதுகுல ஊசி போட்டா அப்படித்தான் வரும்." "தலைக்கு ஊத்தினது சேரலை." முதுகில் ஊசி போட்டதால் வரும் தலைவலி உண்மையிலேயே உண்டு. உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். இவளுக்குப் படுத்தாலும் குறையவில்லை. கண்முன்னால் பொட்டுப் பொட்டாக மின்னுகிறது என்றாள். மெஷினை எடுத்துக் கட்டினேன், 158/102. பிள்ளையை என் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரையைக் கூட்டி, ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். மெஷின் இல்லாதிருந்தால் அந்தத் தலைவலிக்குத் தைலம்தான் தேய்த்திருப்போம்.

என் அனுபவத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. கர்ப்பத்தில் வீட்டிலேயே பிரஷர் பார்ப்பதால் நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று இங்கிலாந்தில் பம்ப் என்ற பெரிய ஆய்வு நடத்தி 2022-இல் முடிவு வெளியிட்டார்கள். ஆபத்து அதிகமுள்ள 2,400-க்கும் மேற்பட்ட பெண்கள். வீட்டில் அளந்தவர்களுக்கும் அளக்காதவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் நோய் கண்டுபிடிக்கப்பட்ட காலத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஒழுங்காக மாதாமாதம், வாராவாரம் செக்கப் போகிற பெண்ணுக்கு மெஷின் பெரிதாக எதையும் கூட்டிக் கொடுப்பதில்லை என்று இதிலிருந்து புரிந்துகொள்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் 2023-இல் வெளியான இன்னொரு ஆய்வு பிரசவத்துக்குப் பிந்தைய காலத்தை எடுத்துக்கொண்டது. சுமார் 220 தாய்மார்கள். வீட்டிலேயே அளந்து, டாக்டர் சொல்லச் சொல்ல மாத்திரையைக் கூட்டிக் குறைத்த பெண்களுக்கு, மாதங்கள் கழித்தும் பிரஷர் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஆகவே மெஷின் வாங்கிவிட்டோம் என்று செக்கப்பைத் தவறவிடாதீர்கள். பிள்ளை பிறந்துவிட்டது என்று மெஷினைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

மெஷினால் பார்க்க முடியாதவையும் இருக்கின்றன. அது சிறுநீரைப் பார்க்காது, ஈரலைப் பார்க்காது, தட்டணுவை எண்ணாது. வலதுபக்க விலா எலும்புக்குக் கீழே, அல்லது மேல்வயிற்றில் பிடித்து வலித்து வாந்தி வந்தால், நம் வீடுகளில் வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுக்கிறோம். ஏழு மாதத்துக்கு மேல் உள்ள பெண்ணுக்கு அது ஈரல் வீங்குகிற வலியாக இருக்கலாம். அப்போது மெஷின் 130/80 என்று காட்டினாலும் போயாக வேண்டும். விடாத தலைவலி, கண் மங்குவது, மின்னுவது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, பிள்ளையின் அசைவு குறைவது எதற்கும் மெஷினிடம் அனுமதி கேட்க வேண்டாம்.

"நல்லாத்தானே இருக்கா, ஒல்லியா இருக்கா, இவளுக்கு என்ன பிரஷர்?" என்கிற பேச்சையும் விட்டுவிட வேண்டும். முதல் பிரசவம், இரட்டைப் பிள்ளை, வயது கூடுதல், உடல் பருமன், சர்க்கரை, முன்பே பிரஷர், சிறுநீரகக் கோளாறு, அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருப்பது, இவையெல்லாம் வாய்ப்பைக் கூட்டும். ஆனால் ஓடி ஓடி உடம்பை வைத்திருப்பவர்களையும் இது விடுவதில்லை. அமெரிக்க ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபெலிக்ஸ், 11 ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர். 2018-இல் 32-ஆம் வாரத்தில் வழக்கமான செக்கப்புக்குப் போனபோதுதான் கடுமையான ப்ரீஎக்ளாம்ப்சியா தெரிந்து அவசர ஆபரேஷன் ஆனது. ரியோ ஒலிம்பிக்கில் அவரோடு சேர்ந்து தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற டோரி போவி, 2023-இல் எட்டு மாதக் கர்ப்பிணியாக வீட்டில் தனியே இறந்துகிடந்தார். வயது 32. இந்த நோய் முற்றி வரும் வலிப்பும் காரணமாக இருக்கலாம் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை சொன்னது. தங்கம் வென்ற உடம்புக்கே இப்படி என்றால் நம் பிள்ளைகளுக்கு "ஒன்னும் வராது" என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறோம்?

இன்னொன்றும் மெஷினால் ஆகாது, தடுப்பது. அதற்கான காலம் ஏழாம் மாதம் அல்ல, மூன்றாம் மாதம். ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36-ஆம் வாரம் வரை தினமும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆஸ்ப்ரே ஆய்வு 2017-இல் வெளியானது. 37 வாரத்துக்கு முன்பே முற்றிவிடுகிற வகை 62 சதவீதம் குறைந்தது. ஆஸ்பிரின்தானே என்று நாமே கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது, யாருக்கு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மூன்றாம் மாத செக்கப்பில் "எங்க குடும்பத்துல பிரஷர் உண்டு டாக்டர், ஆஸ்பிரின் தேவைப்படுமா?" என்று நாம் கேட்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

யார் வாங்கலாம்? பிரஷர் ஏற ஆரம்பித்த கர்ப்பிணி, முந்தின பிரசவத்தில் இந்த நோய் வந்தவர், ஆஸ்பத்திரி தூரமாக இருக்கிற வீடு, இவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். இரண்டாயிரம் ரூபாய் பாரம் என்றால் வாங்காதது ஒரு குறையே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சிறுநீரும் காசில்லாமல் பார்க்கிறார்கள், மாதாமாதம் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கென்றே டாக்டர் பார்க்கும் நாளும் உண்டு. பிரசவம் முடிந்த வாரத்தில் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது பிள்ளையின் எடையைக் காட்டுவதோடு நிறுத்தாமல், "இவளுக்கும் பிரஷர் பாருங்க சிஸ்டர்" என்று கேட்டு வாங்குங்கள். தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரு மெஷின் வாங்கிக்கொள்வதும் நல்ல யோசனைதான். அப்படி வாங்கினால் இரண்டு அளவுப் பட்டையையும் சேர்த்து வாங்குங்கள்.

எங்கள் மெஷின் இப்போது மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறது. இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால், மாத்திரையை நிறுத்திய பிறகும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பட்டையின் ஒட்டுப்பகுதி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, இனி புதுசு வாங்க வேண்டும். அடாப்டர் கூட வருவதில்லை, செல் தீரும் தறுவாயில் மெஷின் எரர் காட்டும், ஆகவே நாலு செல்லை எப்போதும் எடுத்து வைத்திருங்கள். வாரண்டி அட்டையில் கடை சீல் வாங்க மறக்காதீர்கள்.